நிலுவை ஏன் ஆறாவது தாளுக்குப் போச்சு? ஒரு டீஃபால்ட்டின் வரலாறு

(ஒலி வடிவத்திலிருந்து திருத்தி எழுதப்பட்டது)

இன்னைக்குக் கதை ஒரு பிரிண்ட் அவுட்டில் ஆரம்பிக்குது. எக்செல் ஷீட்டை பிரிண்ட் கொடுத்து, வலது ஓரத்துக் கடைசிக் கலம் மட்டும் தனித் தாளில் வந்து விழுந்த அனுபவம் உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும். சலிச்சுக்கிட்டு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டிருப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் அடுக்கம் போற வரைக்கும்.

அடுக்கம் ஒரு ஊர். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரைப் பக்கமா பழனி மலையில் ஏறினா, பெருமாள்மலைக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி வரும். கொடைக்கானல் போறவங்க பெரும்பாலும் வத்தலக்குண்டு வழியா போயிடுறாங்க. மழைக்காலத்தில் மண் சரிஞ்சு பாதை அடைபட்டா மட்டும் செய்தியில் ஊர் பேர் வரும். மலைவாழை, காபி, மிளகு விளையுற பூமி. 'அடுக்கம்' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மலைச்சரிவு, அடுக்கடுக்கான பாறை என்று பொருள். சங்கப் பாட்டுகளில் நிறைய வரும் சொல் அது.

அங்கே என் பெரியம்மா இருக்காங்க. மகளிர் சுய உதவிக் குழு ஒண்ணுக்குப் பல வருஷமா கணக்கு எழுதுறவங்க. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பிச்சு, அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவுச்சு. ஒவ்வொரு குழுவிலும் பெரியம்மா மாதிரி ஒருத்தர் இருப்பாங்க: நீள நோட்டு, ஸ்கேல், ரெண்டு கலர் பேனா. நோட்டை விரிச்சு வைப்பாங்க. இடது பக்கத்தில் பேர், மாதம், சேமிப்பு, உள்கடன், வட்டி. கோடு அப்படியே வலது பக்கத்துக்கு ஓடும்: தவணை, அபராதம், கடைசியில் நிலுவை. பேரும் நிலுவையும் ஒரே கோட்டில் இருக்கும். விரலை வச்சுத் தள்ளிக்கிட்டே போனா போதும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க கூட அவங்க காசு எவ்வளவுன்னு பார்த்துக்கலாம்.

"நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுடா, எனக்குக் கண்ணு தெரியல"ன்னாங்க. நான் ரொம்ப உற்சாகமா உட்கார்ந்தேன். 18 உறுப்பினர்கள், ஆளுக்கு 12 மாதம், மொத்தம் 216 வரி. தலைப்பு ஒரு வரி. 13 கலம். லேப்டாப்பில் பார்க்க அழகா இருந்துச்சு. கீழே ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்து பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். பத்துத் தாள். ஸ்டேப்லர் அடிச்சுக் கூட்டத்துக்குக் கொண்டு போனேன்.

முதல் அஞ்சு தாளில் பேரில் ஆரம்பிச்சு வட்டி, தவணை வரைக்கும் இருந்துச்சு. மிச்சம் அஞ்சு தாளில் அபராதமும் நிலுவையும். அந்தத் தாள்களில் பேர் இல்லை, கோடு இல்லை. தலைப்பு ஆறாவது தாளில் மட்டும் ஒரு தடவை. மத்ததெல்லாம் வெள்ளைத் தாளில் மிதக்கிற எண்கள். இரண்டாவது தாளில் இருக்கிற ஒருத்தரோட நிலுவை எவ்வளவுன்னு பார்க்க, ஏழாவது தாளை எடுத்து மேலிருந்து வரி வரியா எண்ணணும்.

நான் எண்ணினேன். ஒரு இடத்தில் ஒரு வரி தப்பா எண்ணினேன். ஒரு அக்காவுக்கு 4,350 ரூபாய் பாக்கின்னு சத்தமா வாசிச்சுட்டேன்.

"நான் போன மாசமே அடைச்சுட்டேனே தம்பி"ன்னாங்க அவங்க. குரல் கம்மிப் போச்சு. அன்னைக்குத்தான் பிள்ளையோட காலேஜ் ஃபீஸுக்குப் புதுக் கடன் கேட்டிருந்தாங்க. பழைய பாக்கி இருந்தா புதுக் கடன் கிடையாதுங்கிறது குழுவோட விதி. கூட்டத்தில் ரெண்டு பேர் கம்ப்யூட்டர் தாளைப் பார்த்தாங்க, ரெண்டு பேர் அந்த அக்காவைப் பார்த்தாங்க. அச்சில் வந்த எண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கே, அதோட ஆபத்து எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பெரியம்மா எதுவும் பேசாம நீள நோட்டை விரிச்சு விரலை ஓட்டினாங்க. நிலுவை பூஜ்யம். நான் வாசிச்சது அடுத்த ஆளோட பாக்கி.

தப்பு என்னோடதுதான், சந்தேகமே இல்லை. ஆனா கூட்டம் முடிஞ்சு வந்து, இந்தத் தாள் ஏன் இப்படி வெட்டுப்படுதுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் நாப்பது வருஷம், நூறு வருஷம்னு பின்னாடி போய், ஒரு ஜெர்மன் பேராசிரியரோட கடிதத்தில் போய் நின்னுது.

முதல்ல பேர். 'ஸ்ப்ரெட்ஷீட்' என்ற சொல் கம்ப்யூட்டரோட பிறந்தது இல்லை. அமெரிக்கக் கணக்கர்கள் பேரேட்டின் எதிரெதிர் ரெண்டு பக்கங்களை விரிச்சு, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டு எழுதின அகலமான கணக்குத் தாளுக்கு அந்தப் பேர். 'ஸ்ப்ரெட்' என்றால் விரிப்பு. அதாவது என் பெரியம்மா நோட்டில் பண்றதுதான் அசல் ஸ்ப்ரெட்ஷீட். நான் லேப்டாப்பில் பண்ணினது விரிச்ச நோட்டை நடுவில் கிழிச்ச வேலை.

1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற நிரலைக் கொண்டுவந்தாங்க. 63 கலம், 254 வரி. திரையில் எந்தப் பக்கமும் நகர்ந்துக்கிட்டே போகலாம். கணக்கர்கள் மயங்கிப் போனாங்க. ஆனா முடிஞ்ச கணக்கை முதலாளிக்குக் காட்டணும்னா பிரிண்ட் எடுத்தாகணும். அன்னைக்கு மேஜை மேல இருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள், 1980-ல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 மாதிரியானவை, ஒரு வரியில் 80 எழுத்துதான் அடிக்கும். அந்த 80 எங்கிருந்து வந்ததுன்னா, ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த 80 கலத் துளை அட்டை. பெரிய ஆபீஸ்களில் இருந்த அகலப் பிரிண்டர்களில் 132 எழுத்து. அது 1959-ல் வந்த ஐபிஎம் 1403 விட்டுட்டுப் போனது. எல்லையில்லாத மேஜைவிரிப்பை ஒரு ஜன்னல் வழியா நுழைக்கிற கதைதான்.

இதுக்கு ஒரு வைத்தியம் வந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. அமெரிக்காவில் ஃபங்க் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் 'சைட்வேஸ்' என்று ஒரு நிரலை வித்துச்சு. அது பண்ணின ஒரே வேலை, உங்க கணக்கை 90 டிகிரி திருப்பி, தொடர்தாளின் நீளவாக்கில் அடிக்கிறது. எத்தனை கலம் இருந்தாலும் தாள் மடிப்பைத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு நாம 'லேண்ட்ஸ்கேப்'னு ஒரு க்ளிக்கில் பண்றதை, அன்னைக்குத் தனியா காசு கொடுத்து டப்பாவில் வாங்கினாங்க.

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்துச்சு. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர் போன எந்தச் சித்தப்பாவையும் கேளுங்க. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ்னு மந்திரம் மாதிரி ஒப்பிப்பார். அந்த லோட்டஸுக்குள்ள ஒரு டீஃபால்ட் இருந்துச்சு: இடது ஓரம் 4, வலது ஓரம் 76, மேலே 2, கீழே 2, பக்க நீளம் 66 வரி. அந்த 66-ஐக் கொஞ்சம் கவனிங்க. அங்குலத்துக்கு 6 வரி, 11 அங்குலத் தாள், 6 பெருக்கல் 11, 66. அமெரிக்க லெட்டர் தாளின் நீளம் 11 அங்குலம். அந்த அளவு நிரலுக்குள்ள ஒரு எண்ணா ஒளிஞ்சு உட்கார்ந்திருந்துச்சு.

நம்ம ஊரில் கிடைச்ச கம்ப்யூட்டர் தாள் என்ன? ரெண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தொடர்தாள், 10-க்கு 12, இல்லைன்னா 15-க்கு 12. நீளம் 12 அங்குலம், அதாவது 72 வரி. 66 வரியை ஒரு பக்கம்னு நினைக்கிற நிரல், 72 வரி பிடிக்கிற தாளில் அடிச்சா என்ன ஆகும்? முதல் பக்கம் சரியா வரும். இரண்டாவது பக்கத்தின் தலைப்பு முதல் தாளின் அடியிலேயே அடிச்சிடும். மூணாவது ரெண்டு அங்குலம் மேலே. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அங்குலம் நழுவி, மடிப்புத் துளை கணக்கின் நடு வயிற்றில் வந்து விழும். கிழிச்சா ஒருத்தரோட சம்பளம் ரெண்டு தாளில் இருக்கும். எப்சன் பிரிண்டர்களின் உள்ளே 11 அங்குலமா 12 அங்குலமான்னு சொல்ல ஒரு பொடிப்பொடி சுவிட்ச் இருந்துச்சு. பேனா முனையால் தள்ளணும். அதைத் தள்ளினாலும் போதாது, லோட்டஸிலும் மாத்தணும்.

எப்படி மாத்துறது? ஸ்லாஷ் அடிச்சா மெனு வரும். ஒர்க்ஷீட், குளோபல், டீஃபால்ட், பிரிண்டர். 66-ஐ 72 ஆக்கணும். அதோட நிறுத்தினா நாளைக்குக் காலையில் திரும்பவும் 66 வந்து நிக்கும். மெனுவில் 'அப்டேட்'னு இன்னொண்ணு இருக்கும்; அதை அழுத்தினாத்தான் 123.சிஎன்எஃப் என்ற கோப்பில் நிரந்தரமா எழுதும். இன்றைக்கு வாங்கின அமைப்பு வேற, நிரந்தர அமைப்பு வேற. அந்தப் பிரிவினை இன்னைக்கும் எக்செல்லில் அப்படியே இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப அந்த 11 அங்குலத்துக்கு என்ன நியாயம்னு பார்க்கலாம். பெரிசா ஒண்ணும் இல்லை என்பதுதான் பதில். 1921-ல் அமெரிக்காவில் தாள் அளவைச் சீராக்க ரெண்டு குழு உட்கார்ந்துச்சு. ஒண்ணு எட்டரைக்குப் பதினொண்ணு என்றது. இன்னொண்ணு, பின்னால் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் தொடங்கிவச்ச குழு, அரசாங்கத்துக்கு எட்டுக்குப் பத்தரை என்றது. அரை அங்குல வித்தியாசத்தோட அந்த நாடு அறுபது வருஷம் ஓட்டி, ரீகன் காலத்தில்தான் அரசாங்கமும் எட்டரைக்குப் பதினொண்ணுக்கு வந்துச்சு.

அடுத்த வருஷமே, 1922 ஆகஸ்ட் 18-ல், ஜெர்மனியில் டிஐஎன் 476 என்ற தர அளவு வெளியாச்சு. வால்டர் போர்ஸ்ட்மன் என்ற பொறியாளர் வகுத்தது. அதுதான் நம்ம ஏ4. அதுக்கு விதை போட்டவர் கியோர்க் கிறிஸ்டோஃப் லிஷ்டன்பெர்க், கியோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். 1786 அக்டோபர் 25 தேதியிட்ட கடிதத்தில் அவர் சொன்ன விஷயம் இது: தாளின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால், பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வரும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கு. ஆனா ஒரு ஏ3 தாளைப் பாதியாக்கினா ரெண்டு ஏ4. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், அதில் 16 ஏ4. 80 ஜிஎஸ்எம் தாள்னா ஒரு ஏ4-ன் எடை 5 கிராம். தபாலுக்கு எடை பார்க்கத் தராசே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் 71 சதவீதம்னு ஒரு பட்டன் இருக்கே, அது இந்த வர்க்கமூலத்தோட குழந்தை. விரிச்ச ரெண்டு ஏ4 பக்கம் சேர்ந்து ஒரு ஏ3. அதை 71 சதவீதமாச் சுருக்கினா படுக்கவச்ச ஒரே ஏ4-ல் ஓரம் மிச்சமில்லாம உட்காரும்.

விரிச்ச நோட்டு ஒரே தாளில்! லெட்டர் தாளில் இது நடக்காது. அதைப் பாதியாக்கினா வடிவம் மாறிடும், சுருக்கினா ஒரு பக்கம் வெள்ளையா நிக்கும்.

1975-ல் ஏ வரிசை ஐஎஸ்ஓ 216 என்ற உலகத் தரமாச்சு. இந்தியா 1956-ல் எடை அளவைச் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு நகர ஆரம்பிச்சது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துச்சு. தாளுக்கும் இந்தியத் தரம் ஏ வரிசையையே எடுத்துக்கிச்சு. ஆனா தராசும் காசும் மாறின வேகத்தில் தாள் மாறலை. ஆபீஸ் பீரோவில் இருந்தது ஃபுல்ஸ்கேப். சுமார் எட்டுக்குப் பதிமூணு அங்குலம். நம்ம ஊரில் 'ஃபுல்ஸ்கேப்'னா ஏதோ முழு அளவுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். உண்மையில் அது 'ஃபூல்ஸ் கேப்', கோமாளித் தொப்பி. பழைய ஐரோப்பியத் தாள்களில் மணி கட்டின கோமாளித் தொப்பி நீர்க்குறியா இருந்ததால் வந்த பேர். ஜெராக்ஸ் கடையில் இன்னைக்கும் 'எஃப்எஸ் இருக்கா'ன்னு கேட்கிறோமே, அந்தத் தொப்பியைத்தான் கேட்கிறோம்.

இந்தியாவின் மிகப் பெரிய பிரிண்டிங் டீஃபால்ட் மாற்றம்னு கேட்டா, நான் உச்ச நீதிமன்றத்தைச் சொல்வேன். பல தலைமுறையா மனுக்கள் லீகல் அளவு நீளத் தாளில், ஒரு பக்கம் மட்டும் அடிச்சு, பின்பக்கம் வெறுமையா போய்க்கிட்டிருந்துச்சு. 2020 மார்ச் 5 தேதியிட்ட சுற்றறிக்கை அதை மாத்திச்சு: ஏப்ரல் 1 முதல் ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், ரெண்டு பக்கமும் அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14, வரி இடைவெளி ஒன்றரை, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர் ஓரம், மேலும் கீழும் 2. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பேஜ் செட்டப் பெட்டியை வரி வரியா நிரப்பின மாதிரி இருக்கும். கேஸ் நடத்துறவங்களோட செலவு, மரம், தண்ணி, ஆவண அறையின் அலமாரி, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு.

இடையில் ஒரு சின்னச் சேதி. கரூர் பக்கத்தில் காகிதபுரம்னு ஒரு ஊர் இருக்கு. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை அங்கேதான், 1984-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம். உங்க ஏ4 கட்டு ஒரு காலத்தில் கரும்பா நின்னிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

சரி, தாள் ஏ4 ஆயிடுச்சு. ஆனா கம்ப்யூட்டர்? விண்டோஸ் போடும்போது மண்டலம் 'இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்'னு இருந்ததை அப்படியே விட்டுட்டா, பிரிண்டரும் எக்செல்லும் லெட்டர்னே நினைச்சுக்கும். லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210-க்கு 297. ஆறு மில்லிமீட்டர் அகல வித்தியாசம். திரையில் கண்ணுக்கே தெரியாது. பிரிண்டர் மட்டும் சிவப்பு விளக்கை எரியவிட்டு, தட்டில் லெட்டர் தாள் வைக்கச் சொல்லி அடம்பிடிக்கும். பழைய எச்பி லேசர்ஜெட்டில் 'பிசி லோட் லெட்டர்'னு வரும். 1999-ல் வந்த 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்தில் அந்த வாசகத்தைப் பார்த்து ஒருத்தர் கொதிச்சுப் போவார். அமெரிக்கர்களுக்கே புரியாத வாசகம். அந்த நாட்டுத் தாளே கிடைக்காத ஊரில் நாம அதோட மல்லுக்கட்டினோம்.

தாள் அளவைத் தாண்டி, என்னை அடுக்கத்தில் கவுத்த டீஃபால்ட்கள் வேற. எக்செல் 2007-லிருந்து ஒரு ஷீட்டில் 16,384 கலம், 10,48,576 வரி. இதை அடிக்கச் சொன்னா, அது தானா எடுத்துக்கிறது நிமிர்ந்த தாள், இடமும் வலமும் 0.7 அங்குல ஓரம். ஒன்பது பத்துக் கலம் போனதும் வெட்டு. வெட்டின பிறகு 'கீழே, பிறகு பக்கவாட்டில்' என்ற வரிசை. அதாவது முதல்ல இடது பாதியின் எல்லாத் தாளையும் அடிச்சு முடிச்சிட்டுத்தான் வலது பாதிக்கு வரும். அதனாலதான் பெரியம்மாவின் நிலுவை ஆறாவது தாளுக்குப் போச்சு. திரையில் தெரிகிற கட்டக் கோடுகள் அச்சில் வராது. தலைப்பு வரி ஒவ்வொரு தாளிலும் திரும்ப வராது.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, நியாயமான காரணமே கூட. கோடு இல்லாத அட்டவணை ஒரு கம்பெனி அறிக்கையில் அழகா இருக்கும். எழுத்தைச் சுருக்காம அடிக்கிறதும் நல்லெண்ணம்தான். ஆனா இதெல்லாம் திரையைப் பார்த்துக்கிட்டே பிரிண்ட் எடுக்கிற ஆளை மனசில் வச்சுப் பண்ணின முடிவு. தாளை மட்டும் பார்க்கிற ஆள் அந்தக் கணக்கில் இல்லை. எனக்கு இதில் கோபம்னு சொல்ல முடியாது. ஆனா அந்த அக்காவோட முகம் ஞாபகத்தில் இருக்கு.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானப்ப, அதன் சொத்துகளை பார்க்லேஸ் வாங்கிச்சு. எந்தெந்த ஒப்பந்தங்கள் வேணும்னு ஒரு எக்செல் பட்டியல், சுமார் ஆயிரம் வரி. வேண்டாத வரிகளை மறைச்சு வச்சிருந்தாங்க, அழிக்கலை. ராத்திரியோட ராத்திரியா நீதிமன்றத்துக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்பினப்ப, வடிவம் மாத்தும் வேலையில் மறைஞ்சிருந்த வரிகள் வெளியே வந்துடுச்சு. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் ஏறிடுச்சு. அதை விலக்கச் சொல்லி அப்புறம் நீதிமன்றத்தில் மனு போட்டாங்க. திரை ஒண்ணு சொல்லும், தாள் ஒண்ணு சொல்லும். சட்டத்தின் முன்னாடி நிக்கிறது தாள்தான்.

நம்ம பக்கம் இது காசாவும் இறங்குது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டா, தமிழ்நாட்டிலும் மத்திய அரசிலும் பக்கத்துக்கு 2 ரூபாய். ஒரு ஆபீஸில் எக்செல்லை டீஃபால்ட்டில் அடிச்சா, ஒரு தாளில் முடியவேண்டியது ரெண்டா வெட்டுப்பட்டு வரும். நீங்க ரெண்டு தாளுக்கும் கட்டணும், அப்புறம் ரெண்டையும் ஒட்டவச்சுப் படிக்கணும். இதுக்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கு. பிரிவு 2(ஜே)-ல், கம்ப்யூட்டரில் உள்ள தகவலை மின்னணு வடிவில் கேட்கலாம்னு சொல்லியிருக்கு. ஃப்ளாப்பிக்கு 50 ரூபாய்னு கட்டணம் வச்ச காலத்துச் சட்டம், ஆனா வேலை செய்யும். அட்டவணை கேட்கிறப்ப கோப்பாவே கேளுங்க.

இப்ப மாத்துற விஷயம். ஒரு ஷீட்டுக்குன்னா பிரிண்ட் திரையிலேயே லேண்ட்ஸ்கேப், ஏ4, 'ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்'. பேஜ் லேஅவுட் பக்கம் போய் 'பிரிண்ட் டைட்டில்ஸ்'-ல் முதல் வரியைக் கொடுங்க, கிரிட்லைன்ஸில் 'பிரிண்ட்' டிக் பண்ணுங்க. ஆனா இது அந்தக் கோப்போட முடிஞ்சுது. லோட்டஸின் 'அப்டேட்' ஞாபகம் இருக்கா? எக்செல்லில் அதுக்குச் சமமானது கொஞ்சம் ஒளிஞ்சிருக்கு. காலியான ஒரு ஒர்க்புக்கில் இதையெல்லாம் அமைச்சு, 'புக்' என்ற பேரில் டெம்ப்ளேட்டா, எக்ஸ்எல்ஸ்டார்ட் என்ற ஃபோல்டருக்குள்ள சேமிக்கணும். அதுக்கப்புறம் கன்ட்ரோல் என் அடிச்சா வர்ற புதுக் கோப்பு எல்லாம் உங்க அமைப்போட வரும். ஆரம்பத் திரையில் 'பிளாங்க் ஒர்க்புக்'கை க்ளிக் பண்ணினா மட்டும் பழைய அமைப்பே வந்து நிக்கும். அதில் நான் ஒரு சாயங்காலத்தை இழந்தேன். புதுசா சேர்க்கிற ஷீட்டுக்கு 'ஷீட்' என்ற பேரில் இன்னொரு டெம்ப்ளேட் தனியா வேணும். ஏற்கெனவே இருக்கிற கோப்புகள் எதுவும் மாறாது. லிப்ரே ஆபீஸ் வச்சிருக்கிறவங்களுக்கு வேலை சுலபம்: டெம்ப்ளேட்டா சேமிச்சு, டெம்ப்ளேட் பட்டியலில் அதையே டீஃபால்ட்னு குறிச்சா போதும். அது மேலே ஷீட் பேரையும் கீழே பக்க எண்ணையும் கேட்காமலே போடும், அது வேண்டாம்னா அப்பவே எடுத்துடுங்க.

அடுத்த மாசம் திரும்ப அடுக்கம் போனேன். இந்தத் தடவை படுக்கவச்ச ஏ4, 13 கலமும் ஒரே தாளில், கோடு போட்டு, ஒவ்வொரு தாளிலும் தலைப்பு. பத்துத் தாள் ஏழாச்சு. கூட்டத்தில் நான் வாசிக்கலை. தாளைச் சுத்துல விட்டேன். அந்த அக்கா தன் பேரில் விரலை வச்சு, பெரியம்மா நோட்டில் பண்ற மாதிரியே, வலது பக்கமா தள்ளிக்கிட்டே போனாங்க. நிலுவை வந்ததும் நின்னுச்சு. அந்தத் தடவை புதுக் கடனோட முதல் தவணை அதில் இருந்துச்சு.

பெரியம்மா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய், தூரத்தில் பிடிச்சு, திரும்பப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தாங்க.

"எல்லாம் சரிதான்டா. எழுத்து எறும்பு மாதிரி இருக்கே. கண்ணு தெரியலைன்னுதானே உங்கிட்டக் குடுத்தேன்?"

பெரிசாக்கினேன். இப்ப ஒன்பது தாள்.